நாற்பது ரொட்டியும் தோல்குவளைப் பகடையும்

முப்பத்தோராண்டு முகம் சுளிக்காது மூட்டை மூட்டையாய் ரொட்டியை எடைபோட்டு இன்று ஓய்வுபெறும் முதல்வியே, தோன்யா பசீலியா தங்காரா அவர்களே!

"தராசின் தாயே, தவறே அறியாத தகைமையே" என்று தொடங்கத்தான் எண்ணினோம். "தவறே அறியாதவளா? எத்தன நாள் பாத்தீங்க? எந்தெந்த நாள்?" என்று மேடையிலேயே கேட்டுவிடுவீர்கள் என்ற அச்சத்தால் அந்த வரியை அடித்துவிட்டோம். எனவே, கண்ணால் கண்ட ஒரு காலையை மட்டும் சொல்கிறோம்.

லா பாஸ் மலைச்சரிவில் தோன் இலாரியோனின் அடுமனை. தம் மர்ராகேத்தா ரொட்டியின் சராசரி எடை அறுபது கிராம் என்பது அவர் வாக்கு. நம் அந்நாள் மேலாளரோ, மெலிந்தவையாய்ப் பார்த்து ஐந்தை எடுத்து நிறுத்தார். சராசரி ஐம்பத்தேழு! கதவை மூட முத்திரைத்தாளில் பசையும் தடவியாயிற்று. அந்த அடுப்பு அணைந்தால் ஏழு வீட்டு அடுப்பும் அணையும்.

"மூணு கிராம முழுங்கிட்டான். இன்னும் என்ன சாட்சி வேணும்?" என்று முழங்கினார் மேலாளர்.

"ஒல்லியாப் பொறுக்கிட்டு ஊரே ஒல்லின்னா எப்படி, சார்? அதுலயும் ஒண்ணு அம்பத்தொண்ணு, ஒண்ணு அறுபத்திரண்டு. இப்படி ஏறி இறங்குறத அஞ்ச வச்சு அளந்துட முடியுமா?" என்று குறுக்கிட்டீர்கள் நீங்கள்.

"அப்ப யாரு எடுக்கறது? அவனா?"

"நீங்களும் வேணாம், அவரும் வேணாம். நம்ம காச்சோ எங்க?"

ஆம், மதிய இடைவேளையில் நாம் மானத்தைப் பணயம் வைத்து உருட்டும் அதே தோல்குவளைப் பகடை! ஆறு தட்டு, தட்டுக்கு ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு ரொட்டி. மூன்று பகடை உருள, முதலாவது தட்டைச் சொன்னது, அடுத்தது வரிசையை, மூன்றாவது இடத்தை. நாற்பது ரொட்டி தேறும்வரை உருட்டினீர்கள். வாடிக்கையாளர்கள் வாங்க வந்ததை மறந்து பந்தயம் கட்டினார்கள்.

சராசரி ஐம்பத்தொன்பதரை. மேலாளர் துள்ளினார்: "குறையுதுல்ல!"

"குறையுதுதான். ஆனா உண்மைச் சராசரி அறுபதாவே இருந்தாலும், ஏதோ நாற்பத எடுக்கறப்ப அரை கிராம் இப்படி அப்படி சறுக்கும். இதுக்காகப் பூட்ட முடியாது."

முத்திரைத்தாள் மேலாளர் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. கண்ணீர் மல்க வந்தார் இலாரியோன்: "தோன்யா, என் ரொட்டி அறுபதுன்னு ஒரு சான்று எழுதிக் குடுங்க, சட்டம் போட்டு மாட்டிக்கறேன்!"

"அறுபதுன்னு எப்ப சொன்னேன்? அறுபது இல்லன்னு சொல்ல முடியலன்னேன், அவ்ளோதான். ஐயாயிரம் ரொட்டி குடுங்க, யோசிக்கிறேன்."

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். மறுவாரம் எவரும் ஏவாமலே, பகடையோடு மீண்டும் போனீர்கள். ஏன் என்றதற்கு, "தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு" என்றீர்கள். பதவிகள் பலவற்றைக் கண்ட நாங்கள், அந்த ஆசையைக் கண்டது அன்றுதான்.

அன்னையே! இவ்வூரார் சராசரியாய் எத்தனை ஆண்டு வாழ்வார்களோ, அறியோம். அந்தக் கணக்கைத் தன்னந்தனியாய் மேலே இழுத்துக் கெடுக்கும் ஒற்றை எண்ணாய், நோயின்றி, நூறு தாண்டி வாழ்க!

என்றும் அன்புடன்,
எடை, அளவைப் பிரிவு ஊழியர் பதினொருவர்
(பன்னிரண்டாமவர், கையெழுத்திடலாமா என்று இன்னும் யோசிக்கிறார்)