ஒரு விசில்னா தூக்கு

— வண்டியில விசில் சத்தம் வருதுங்கிறேன், நீ டேப்பெட்டுங்கிற. எத்தனை தடவப்பா சொல்றது உனக்கு?

— கோச்சுக்காதீங்கண்ணே. தையல் மிஷின் ஓட்டுற மாதிரி டிக் டிக்னு ஒரு சத்தம் வந்துச்சு. எஞ்சின்ல வால்வத் தள்ளுற டேப்பெட் லூசு. சரி பண்ணியாச்சு. இப்ப கேளுங்க, பூனை தூங்குற மாதிரி ஓடுது.

— என்னது?

— பூனைண்ணே! தூங்குற மாதிரி!

— அந்த டிக் டிக் எனக்குக் கேக்கவே இல்லையே. நான் கொண்டுவந்தது விசிலுக்கு. அது அப்படியே இருக்கு.

— எனக்குக் கேட்டுச்சுங்க. பின்னாடி உக்காந்து வர்றப்ப வழியெல்லாம் டிக் டிக்குன்னு.

— பொண்டாட்டிய மெக்கானிக் ஷெட்டுக்குக் கூட்டிட்டு வந்தா இதான். அவனுக்கு ஒத்து ஊதற.

— என் தம்பி வண்டிங்க. நான் வராம வேற யாரு வருவா?

— தம்பி வண்டியாக்கா? அண்ணன் பழைய வண்டின்னு மட்டுந்தான சொன்னாரு.

— அவன் விட்டுட்டுப் போனதுதாம்பா. எங்க இரும்பு யார்டுல எனக்குக் கீழ நின்னு விசில் ஊதினவன். நான் மேல கிரேன் கேபின்ல. அங்கருந்து பாத்தா கீழ இருக்கறவன் எறும்பு. கொக்கிகிட்ட எவன் நிக்கிறான், எவன் குனியிறான், ஒண்ணும் தெரியாது. எல்லாம் விசில்தான். ஒரு விசில்னா தூக்கு. ரெண்டு விசில்னா இறக்கு.

— ஊதறவன நம்பிதான் பொழப்புன்னு சொல்லுங்க.

— நம்பினேன். சங்கிலி மாட்டுறவன் கைய எடுக்கல, அதுக்குள்ள என் மச்சான் ஊதிட்டான். தூக்கிட்டேன். போச்சு, மூணு விரலு.

— ஊதலைங்கிறான்பா. அன்னிக்கும் அதான் சொன்னான், இன்னிக்குப் போன்லயும் அதான் சொல்றான். நான் ஊதலக்கா, சத்தியமா ஊதலக்கான்னு.

— ஊதினான்டி. இந்தக் காதால கேட்டேன். இருபத்திரண்டு வருஷக் காது. விசாரணையில மச்சான்னு பாக்காம உள்ளதச் சொன்னேன். ஊதினேன்னு ஒத்துக்கட்டும், நாளைக்கே வீட்டுக்கு வரட்டும். வாசல்ல நின்னு நானே கூப்புடறேன்.

— பண்ணாததுக்கு எப்படிங்க ஒத்துப்பான்? வேலை போச்சு. யாரும் பேசமாட்டேங்கிறாங்கன்னு ஊர விட்டே போயிட்டான். வண்டிச் சாவிய என் கையில குடுத்து, மாமாவே ஓட்டட்டும்னு.

— சரி, அத விடு. மெக்கானிக்கு நமக்குப் பஞ்சாயத்துப் பண்ணவா உக்காந்திருக்கான்?

— இல்லண்ணே, நீங்க சொல்லுங்க. அந்த விசில் எப்படி இருக்கும்?

— எப்படிச் சொல்றது... பனிமூட்டத்துக்குள்ள எங்கயோ தூரத்துல ஒருத்தன் நின்னு ஊதற மாதிரி. மூச்சே வாங்காம. படுத்துக் கண்ண மூடினா கட்டில் அப்படியே மேல போகும்ப்பா. கேபின் மாதிரி ஆடிக்கிட்டே போகும். கீழ எட்டிப் பாத்தா நிலமே இருக்காது. பால் ஊத்தி வச்ச மாதிரி வெறும் வெள்ளை. அதுக்குள்ளருந்து வரும். பயமா இருக்காது, பாத்துக்க. சுகமாத்தான் இருக்கும்.

— படுத்திருக்கறப்ப வண்டி ஓடாதேண்ணே.

— வாசல்ல நிக்குதுல்ல? சூடு ஆறுற இரும்பு பாடும்பா. உனக்குத் தெரியாததா?

— பாடும். ஒரு கால்மணி நேரம். விடிய விடிய எந்த இரும்புண்ணே பாடுது?

— ஏங்க, வண்டி வர்றதுக்கு முன்னாடியே ஜன்னலத் தொறந்து தொறந்து பாப்பீங்களே. எவன்டா அது விசிலடிக்கறதுன்னு. அப்பல்லாம் விட்டு விட்டு. நான்கூட அடுப்புல குக்கரக் காட்டினேன்.

— என்னது?

— குக்கர், குக்கர்!

— அது தெருப் பசங்கடி. அதையும் இதையும் முடிச்சுப் போடாத.

— பொறுங்கக்கா. அண்ணே, இந்தாங்க, இந்த நீள ஸ்க்ரூ டிரைவரு. பிடிய காதுல நல்லா அமுக்கிக்கங்க. நுனிய நான் ஒவ்வொரு இடமா வைக்கறேன். சத்தம் பொறக்கற இடத்துல கூடுதலாக் கேக்கும். நாங்க எல்லாம் இப்படித்தான் பாப்போம். டாக்டர் குழாய் மாதிரி.

— நீ கேக்க வேண்டியதுதான?

— எனக்கு அந்த விசில் கேக்கலையேண்ணே. கேக்கறவங்கதான் சொல்லணும். கண்ண மூடிக்கங்க. இது சிலிண்டர். இருக்கா?

— இருக்கு.

— கிளட்ச் மூடி?

— இருக்கு. அங்கயும் அவ்வளவுதான்.

— இப்ப, கியர் பக்கம்?

— இருக்குப்பா. கூடலயே.

— கண்ணத் தொறக்காதீங்க. அக்கா, கொஞ்சம் இப்படி வாங்க. பேசாதீங்க. ...ம், இப்பண்ணே?

— அடேயப்பா! இதான். தடதடப்பெல்லாம் அடங்கிப்போய், விசில் மட்டும் தனியா நிக்குது பாரு, கம்பி இழுத்த மாதிரி. எடுத்துடாத, அங்கயே வை. கைகாரன்தான்யா நீ, புடிச்சிட்டியே.

— நல்லாக் கேளுங்கண்ணே. வேற எதுவுமே கேக்கலையா?

— ஒண்ணுமில்ல. அப்படியே மிதக்குது. ஏய், உனக்குத்தான் சொல்றேன், அன்னிக்கு யார்டுல கேட்டனே, அதே விசில்டி. அச்சு அசல். அவன் வண்டியில்ல? அவன மாதிரியே ஊதுது.

— ஏங்க.

— என்னது?

— கண்ணத் தொறங்க.

— எந்த எடம்? எங்க வச்சிருக்கான்?

— என் மணிக்கட்டுல வச்சிருக்காரு. வண்டிய அணைச்சு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? இந்தா பாருங்க, சாவி என் கையில இருக்கு.



— அண்ணே, இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. எந்திரிக்காதீங்க. அக்கா, அந்தத் தண்ணி பாட்டில எடுங்க.

— இன்னும் கேக்குதுடி.

— கேக்கும்ங்க. எனக்கு இப்பத்தான் புரியுது.

— அப்ப... அன்னிக்கு உன் தம்பி ஊதவே இல்ல.