ஒரு கீறல்கூட இல்லை

வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று, கொஞ்சம் பொறுமை. அந்தப் பொறுமைதான் என் வீட்டில் ஒருத்தருக்கும் கிடையாது.

என் பெயர் பிரபாகர். நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறதே அந்தக் கருநீலப் பைக், அது என்னுடையது. என் மனைவி மரியாவின் தம்பி ஸ்டெபின் இரவல் கேட்கிற வரைக்கும் அதன்மேல் ஒரு தூசி தங்கியதில்லை. மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொன்னால், அப்புறம் வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா? கொடுத்தேன்.

மஞ்சக்குட்டையிலிருந்து மிளகு மூட்டை ஒன்றைக் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தான். மூட்டைக்கும் சைடு பேனலுக்கும் நடுவில் செம்மண். வழி நெடுக அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத் தேய்த்திருக்கிறது. கேட்டால் சிரிக்கிறான்.

"ஏனுங்க மாமா, வண்டின்னா நாலு கோடு விழத்தானுங்க செய்யும். நொம்பத்தான் பண்றீங்க."

மரியாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தக் கோடுகளைப் பாலிஷ் போட்டுப் போக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது என்று கேட்காதீர்கள். பூசைக்குக்கூடப் போகாமல் தேய்த்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

இந்த வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போக மறுபடியும் வண்டியைக் கேட்டான். அவனும் அவன் பெண்டாட்டி ஜெஸ்லினும். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. காவிச் சேலை கட்டிக்கொண்டு மாதாவிடம் வருவதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள். எப்போதும் சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிற பெண் அவள். இந்த முறை சேலை என்பது முன்கூட்டியே எனக்குத் தெரியும். மரியா சொல்லியிருந்தாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பையை நானே கட்டித் தருகிறேன் என்றேன். இரண்டு பக்கமும் தொங்குகிற துணிப் பை. துணிப் பைதானே என்று எல்லோரும் அலட்சியமாக நினைக்கிறார்கள். பெயிண்டைக் கெடுப்பது பை இல்லை, ஐயா, பைக்கு அடியில் மாட்டுகிற தூசியும், பை ஆடுகிற ஆட்டமும்தான். முதலில் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். பை படுகிற இடத்தில் எல்லாம் கண்ணாடி போன்ற பிலிமைக் குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். அதன்மேல் பிளானல் துணி. வாரைச் சீட்டுக்கு அடியில் விட்டு இறுக்கி, மிச்ச நுனியை மடித்துச் செருக வேண்டும். நான் எல்லாவற்றையும் செய்தேன். அப்படியும் இடது பக்கப் பை சரியாக உட்காரவில்லை.

காரணம் சேலை கார்டு. பின் சக்கரத்துக்கு இடது பக்கம் ஒரு கம்பித் தடுப்பு இருக்குமே, பெண்கள் சேலை சக்கரத்துக்குள் போகாமல் இருக்க, அதுதான். அது பையின் கீழ்ப்பகுதியை வெளியே தள்ளியது. கீழே வெளியே தள்ளினால் மேலே உள்ளே அழுந்தும். மறுபடியும் அதே சைடு பேனல், மறுபடியும் அதே இடம். எத்தனை விதமாகக் கட்டிப் பார்த்திருப்பேன். மனிதனுக்கு ஓர் அளவு உண்டல்லவா? ஸ்பானரை எடுத்து அந்த கார்டைக் கழற்றினேன். பை அழகாக உட்கார்ந்துவிட்டது.

காலையில் ஸ்டெபின் அதைக் கவனித்தான். நீங்கள் நினைக்கிற மாதிரி அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவன் இல்லை.

"சேலை கார்டு எங்கீங்க மாமா?"

"பைக்கு இடிக்குது மாப்ள. பையே மறைச்சுக்கும், போ."

பை சக்கரத்தின் பின்பாதியைத்தான் மறைத்தது. ஜெஸ்லின் உட்காருகிற இடத்துக்குக் கீழே சக்கரக் கம்பிகள் திறந்துதான் கிடந்தன.

பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வண்டிமேல் தீர்த்தம் தெளித்தார். மந்திரித்த தண்ணீரானாலும் காய்ந்தால் டேங்க்கில் புள்ளி விழத்தானே செய்யும்? அவர் திரும்பியதும் துடைத்துவிட்டேன். ஜெஸ்லின் தன் ஜெபமாலையைக் கொண்டுவந்து ஹேண்டிலில் மாட்டினாள். அதில் வெள்ளிச் சிலுவை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஆடி டேங்க்கில் தட்டும். கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"கையில வெச்சு ஜெபம் பண்ணிக்கிட்டே போ, கண்ணு. அதுதான் விசேஷம்."

"சரிங்கண்ணா" என்றாள். அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மரியாவும் ஸ்டெபினும் சிரிக்கும்போது அவள் சிரித்ததில்லை. ஒரு நாள் அவளாகவே துணி எடுத்துக்கொண்டு வந்து என்னோடு வண்டியைத் துடைத்திருக்கிறாள்.

ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கை புருஷன் தோளில். முந்தானையைப் பிடிக்கக் கை இல்லை. அதனால் அதை இடுப்பைச் சுற்றி இழுத்து, நுனியைப் பைக்கும் சைடு பேனலுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். புத்திசாலிப் பெண். ஆனால் அந்த முந்தானையின் கரை முழுக்க ஜரிகை. பிலிமைத் தாண்டி மேலே அது பெயிண்டிலேயே பட்டது. வேளாங்கண்ணி வரைக்கும் அது தேய்த்துக்கொண்டே போகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் குனிந்து வாரைச் சரிபார்க்கிற மாதிரி அதை மெல்ல உருவி வெளியே விட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டி கிளம்பியது. நம் மலையில் முன்பின் தெரியாதவர்கள் போனால்கூட 'அக்கா, சேல' என்று ரோட்டில் நிற்கிறவர்கள் கத்துவார்கள். நீங்களும் கத்தியிருப்பீர்கள். டவுனில் ஏரிக்கரையில் நின்று வெளியூர்க்காரர்களுக்கு நானே எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அன்றைக்குக் காவி நுனி சக்கரத்துப் பக்கம் ஆடிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிட்டால் நிறுத்துவார்கள், அவள் மறுபடியும் அங்கேயே செருகுவாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றேன்.

சேலம் இறங்குகிற ரோட்டில், ஒரு கொண்டை ஊசி வளைவில் நடந்தது. முந்தானையைத் தோளில் ஊக்கு போட்டுக் குத்தியிருந்தாள். அதனால் சக்கரத்துக்குள் சேலை மட்டும் போகவில்லை.

தகவல் வந்ததும் எஸ்டேட் ஜீப்பில் போனேன். எல்லோரும் ஜெஸ்லினைச் சுற்றி நின்றார்கள். ஸ்டெபின் தலையில் அடித்துக்கொண்டு, "நான்தானுங்க ஓட்டினேன், நான்தானுங்க கொன்னுட்டேன்" என்று அழுதான். நான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். பையின்மேல் சாய்ந்து கிடந்தது. அந்தப் பைதான் முழு அடியையும் தாங்கியிருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

கவனமில்லாமல் ஓட்டியதாக ஸ்டெபின்மேல் கேஸ் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. கார்டைக் கழற்றியது நான். முந்தானையை உருவிவிட்டது நான். பார்த்தும் கத்தாமல் நின்றது நான். விபத்து இல்லை, ஐயா, ஜெஸ்லினைக் கொன்றது நான். இதை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, மனசாட்சி உறுத்தி நானாக வந்தேன். தங்கச்சி முறை ஆயிற்றே, உறுத்தாதா?

வாசலில் உங்கள் ஏட்டையா வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு நிற்கிறார். பிடித்து வைத்திருக்கிற மற்ற வண்டிகளின் டேங்க்கில் எல்லாம் கேஸ் நம்பர் எழுதியிருக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஆளே ஒப்புக்கொண்ட பிறகு வண்டிமேல் என்ன குற்றம்? எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். நம்பரை மட்டும் ஓர் அட்டையில் எழுதி ஹேண்டிலில் தொங்கவிடச் சொல்லுங்கள், அட்டைக்குப் பின்னால் ஒரு துணி வைத்து.