பாதி ஆட்டத்து நடுவர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழையும் வரும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை எண்ணூரிலிருந்து வந்த மின்சார ரயிலில், கால்பந்து அரையிறுதி முடிந்து இரண்டு பேர் என் எதிரே உட்கார்ந்தார்கள். விசில் மாட்டியிருந்தவர் நடுவர். மற்றவர் தோற்ற அணியின் கோச். தோற்றவர்கள் சம்மதித்தால்தான் அதே நடுவர் இறுதி ஆட்டத்திலும் ஊதலாம் என்பது அவர்கள் வழக்கம் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"ஃபர்ஸ்ட் ஹாஃப்ல சட்டைய தொட்டாலே ஊதினே மாமு. கடைசில என் பையன கோல் முன்னால தள்ளிவுட்டான், பெனால்டி குடுக்கல. ஒரே ஆட்டத்துல ரெண்டு சட்டமா?"

"சட்டம் ஒண்ணுதான் நைனா. மூச்சுதான் பாதில பூட்ச்சு. அப்போ நான் நடுக்கோட்டயே தாண்டல."

"ஓடி வர்றதுக்கு இன்னா?"

"ஓடிக்கினுதான் இருந்தேன். தொப்ப முன்னால பூட்ச்சு, நான் பின்னால வந்துகினு இருந்தேன்."

கோச் சிரிக்கவில்லை.

"பசங்க பக்கத்துப் பெட்டில அழுதுகினு கீறானுங்க."

நடுவரின் முகம் வாடிவிட்டது. விசிலைக் கழற்றி நீட்டினார்.

"ஃபைனலுக்கு வேற ஆள வச்சிக்க. நான் பாதி ஆட்டத்துக்குதான் தேறுவேன்."

கோச் அதை வாங்கி, தண்டையார்பேட்டை வரை கையில் உருட்டிக்கொண்டே வந்தார். பிறகு நடுவரின் கழுத்திலேயே திரும்ப மாட்டினார்.

"ஃபர்ஸ்ட் ஹாஃப் நீ ஊது. செகண்ட் ஹாஃப் நான் ஊதறேன்."

"முழுசா நீயே ஊதேன்."

"என் தொப்பய பாத்தியா நீ?"

எழுதக் கூச்சப்பட்டு, அந்த இறுதி ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எழுதினேன்.