தங்கசாமியின் முந்நூறு புத்தகங்கள்

பஞ்சாங்கம் விற்பது லேசான வேலை, ஐயா. மாசி பிறந்துவிட்டால் ஜனங்களே கேட்டு வாங்குவார்கள். இருபத்தெட்டு வருசமாக அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கடை கடையாகப் போடுகிறேன். உக்கிரபாண்டி எடுத்த சரக்கு வீடு திரும்பாது என்று பேர். அந்தப் பேரைத் தவிர எனக்கு வேறு சொத்து கிடையாது.

தங்கசாமி கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சாபீசு வைத்திருந்தவர். கவிதை எழுதுவார். 1968இல் தானே எழுதி, தானே எழுத்துக் கோத்து, முந்நூறு புத்தகம் அடித்தார். மதுரையில் நாலு கடைக்குக் கட்டிக்கொண்டு போனார். ஒருத்தன், "கேள்விப்படாத பேரு, ஓரமா வச்சிட்டுப் போங்க" என்றானாம். ஆறு மாதம் கழித்துப் போனால், பிரிக்காத கட்டின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். படித்த பயல்கள் லட்சணம் அது. தபாலில் அனுப்பினால் கூலி புத்தக விலையைத் தொடும். அதனால் என்னிடம் வந்தார். நீங்கள் போட்டால் போய்விடும் அண்ணாச்சி என்றார்.

போட்டேன். பரளச்சியில் கடை வைத்திருக்கிற வெள்ளைத்தாய் தாளைத் தடவிப் பார்த்தாள். "மொடமொடன்னு இருக்கு, பொட்டலம் மடிக்க ஆகாது. பஞ்சாங்கத்தோட சும்மா குடுத்தா வாரவனுக்குக் குடுக்கேன்." ஊருக்கு ஊர் இதே கதை. மூன்று மாதத்தில் மூன்று போனது. அதில் ஒன்று நானே வாங்கியது. மழை பெய்யாத சீமையில் மழையைப் பற்றி எழுதிவைத்தால் எவன் வாங்குவான்? எனக்கு ஆத்திரம் வாங்காதவன் மேல் இல்லை. என் கேரியரில் அதை ஏற்றியவர் மேல்தான்.

பரளச்சிக்குக் கிழக்கே தண்ணீர் வற்றிய ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. மிச்சத்தை அதில் போட்டேன். எல்லாம் விற்றது, மிளகாய் எடுத்ததும் கடைக்காரர்கள் காசு தருவார்கள் என்று சொன்னேன். இந்தப் பக்கம் உப்பு வாங்கினாலும் வெள்ளாமை எடுத்துத்தான் கொடுப்பார்கள். தங்கசாமி நம்பினார். நம்பியதோடு நிற்காமல், திருச்சுழிப் பக்கம் இருந்த கரிசல் காட்டை விற்று, அடுத்த புத்தகம் ஆயிரம் அடிக்கத் தாள் வாங்கிப்போட்டார். அவர் சம்சாரம் கோகிலாம்பாள் என்னைத் தேடி வந்தது.

"நெசமாவே வித்துச்சாண்ணே?"

வித்துச்சு என்றேன்.

பங்குனியில் அவருக்கு வாங்கினவர்கள் முகத்தைப் பார்க்க ஆசை வந்தது. என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். தெரிந்து நான் மிதித்துக்கொண்டு போவதற்குள், அப்படி ஒரு புத்தகத்தையே யாரும் வாங்கவில்லை என்று வெள்ளைத்தாய் சொல்லிவிட்டாள், ஆடு மேய்க்கிறவர்கள் புத்தகம் கிடந்த கிணற்றைக் காட்டிவிட்டு ஆட்டை நரிக்குடிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் மட்டும் கிணற்றடியில் நின்றார்.

என்னைத் திட்டவில்லை. சரக்கு கட்டுகிற கயிற்றைக் கேட்டார். பாதியோடு படி இடிந்த கிணறு. அதற்குக் கீழே கயிறுதான். கிணற்று விளிம்பில் இருந்த கமலைக் கல்லில் கட்டி இறங்கினார். துண்டில் பத்துப் பத்தாகக் கட்டிவிட்டார், நான் இழுத்து மேலே அடுக்கினேன். நாலு தடவை. பிறகு உள்ளேயிருந்து நிதானமாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, இந்த ஆளுகிட்ட இனி ஒரு பஞ்சாங்கங்கூட குடுக்காதீகன்னு அச்சாபீசு அச்சாபீசாப் போயிச் சொல்லுவேன்."

கல்லில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தேன். கயிற்றைச் சுருட்டிக் கேரியரில் வைத்தேன். அடுக்கியிருந்த நாற்பதையும் உள்ளே தள்ளினேன். கூப்பிட்டார். மறுநாளும் அந்த வழியாகத்தான் லோடு கொண்டுபோனேன், குரல் கேட்டது. அதற்கு மறுநாள் கேட்கவில்லை.

இப்போது பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒரே பேச்சு, புத்தகம் விற்காத துக்கத்தில் தங்கசாமி கிணற்றில் விழுந்துவிட்டார் என்று. உக்கிரபாண்டி போட்ட புத்தகம் போகாமல் ஒரு ஆள் செத்தான் என்றால், அடுத்த மாசிக்கு எவன் எனக்குச் சரக்கு தருவான்? அதைத் திருத்தத்தான் நானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. விற்பனைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் விழவில்லை. நான் கயிற்றை எடுத்தேன், அதனால் செத்தார்.