மாடிக் குளியலறை ஜன்னல்

கடலோரத்து ஊரில் எதுவும் முழுசாகக் காய்வதில்லை, ஐயா. வாடகைக்கு வருகிறவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உப்புக் காற்றில் துவைத்த துணி சாயங்காலம் வரை நசநசவென்றே இருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுபோய்க் குவித்தால் நாற்றம் கிளம்பும். சாவியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தேன். கேட்கிற ஜென்மங்களா?

கீழே நான். மாடியில் அவர்கள். அவன் ஐஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. பார்க்க நல்ல பையன். அவளும் நல்லவள்தான், என்னை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவாள். குறை அதில் இல்லை. அவள் குளித்துவிட்டு வந்தால் சாக்கடைச் சல்லடையில் ஈரமுடி ஒரு செத்த எலி மாதிரி சுருண்டு கிடக்கும். மாடிக் குழாய் என் சமையலறைச் சுவரை ஒட்டி இறங்குகிறது. அவர்கள் வாய் கொப்பளித்துத் துப்புவதுகூட என் தட்டுக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி கேட்கும். என் மனைவி போன பிறகும் நான் சுத்தமாகக் கட்டிக் காத்த வீடு அது.

பிறகு அவள் உண்டானாள். காலையில் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை, சாயங்காலம் குளிக்கப் போனால் ஒரு தடவை. குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரிப்பு. குளியலறை ஜன்னல் என் படுக்கையறைக்கு நேர் மேலே. புளித்த நெடியும் சோப்பு ஆவியும் சேர்ந்து இறங்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. தண்ணீர் குடித்தால்கூட அதே நெடி.

அந்தக் குளியலறையில் கேஸ் கீசர். மாட்டிய மெக்கானிக் அன்றே என்னிடம் சொன்னான்.

“சார், இந்த ஜன்னலை மட்டும் எப்பவும் அடைச்சிடாதீங்க. உள்ளயே விஷக்காத்து சேர்ந்து ஆளைத் தூக்கிடும். வாசனைகூட வராது.”

வாசனை வராது என்பது மனதில் நின்றுவிட்டது.

இருவரும் டாக்டரிடம் போயிருந்த அன்று ஏணி போட்டு, பலகை வைத்து, சிமெண்ட் பூசினேன். கைவேலை எனக்கு நன்றாக வரும். திரும்பி வந்தவள் படியிலிருந்தே கேட்டாள்.

“அப்பா, ஜன்னலை அடைச்சிட்டீங்களா? உள்ள ஒரே புழுக்கமா இருக்குமே.”

“சாரல் அடிக்குதும்மா. வழுக்கி விழுந்து வெச்சா என்ன பண்றது? வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு.”

அவள் சிரித்தாள். “எங்க அப்பாகூட இவ்வளவு பார்க்க மாட்டார்.”

அன்று சாயங்காலம் அவன் வேலைக்குப் போயிருந்தான். குளிக்கப் போனாள். வழக்கம்போல ஓங்கரித்தாள். அப்புறம் ஏதோ விழுந்தது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. மேலே போய்க் கதவைத் தட்டலாமா என்று தோன்றத்தான் செய்தது. குளிக்கிற பெண்ணின் கதவைத் தனியாக இருக்கிற ஆண்பிள்ளை தட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மாடிக்குத் தண்ணீர் போகிற டேங்க் வால்வு என் பின்கட்டில்தான் இருக்கிறது. மூடியிருந்தால் தண்ணீர் நின்று கீசரும் அணைந்திருக்கும். அதனால்தான் நான் உடனே மூடவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இருட்டத் தொடங்கிய பிறகு மூடினேன். வீடு வெகு நாளைக்குப் பிறகு அமைதியாக இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

வேலை முடிந்து வந்தவன் கதவை உடைத்தான். கீழே ஓடிவந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, அப்பா” என்று கதறினான். மூக்கும் கண்ணும் ஒழுகி என் கையெல்லாம் பிசுபிசுத்தது. அவன் ஆம்புலன்ஸில் ஏறியதும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன்.

கீசரைச் சோதிக்க வந்தபோது புதுச் சிமெண்டைப் பார்த்து அந்த மெக்கானிக்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது சரி. தெரிந்துதான் அடைத்தேன். இருவரையும், அதாவது வயிற்றில் இருந்ததையும் சேர்த்து, நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பார்த்து வெளியே போ என்று எப்படி ஐயா சொல்வது? எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதல்லவா.