சிவப்புப் பை ஒத்திகை

"...அந்த அலமாரிக் கதவ ஒழுங்கா சாத்தியிருந்தா நான் ஏந்தம்பி இங்க வந்து உக்காரப்போறேன்? எல்லாம் எங்க வெர்லின் பண்ண வேல! கல்யாணமான நாள்லருந்து ஒரு கதவச் சாத்துனதில்ல அந்த மனுசன்."

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் ஒரு மிருக ஆஸ்பத்திரி. பூட்ஸில் ஒட்டிய பனி உருகித் தரையில் ஓட, ஆர்டிஸ் அம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலிப் பையன் மடியில் பூனைக்கூடு. அவன் 'ம்' கொட்ட வாயைத் திறப்பதற்குள் அவள் பேச்சு வேறெங்கோ போயிருந்தது.

"உள்ள என் கஸ் இருக்கான். காயத்துக்குக் கட்டுற காஸ் துணிய முழுங்கிட்டான். வாந்தியெடுக்க ஊசி போட்டிருக்காங்க. மேல வந்துட்டா சரி. வரலன்னா வயித்தக் கிழிக்கணுமாம். வயசான நாய் தம்பி... தாங்குமா? சரி, அத விடுங்க. ஒங்க பூனைக்கு என்ன? வேணாம், சொல்லாதீங்க, எனக்கு மனசு தாங்காது.

அவசரத்துக்குன்னு பை வச்சிருக்கீங்களா? இல்லியா! நல்லாருக்கு போங்க. எங்கிட்ட இருக்கு, செவப்புப் பை. பக்கத்து வீட்டு நாய் ஏரி ஐஸ்ல கால அறுத்துக்கிச்சு. தூக்கப்போன எஜமானியவே கடிச்சிருச்சு. வலியில அதுக்கு ஆளு தெரியுமா? அன்னிக்கே வாங்கிப் போட்டேன், காஸ் துணி, ஒட்டுற கட்டு, போர்வ, கடிக்காம இருக்க நாய்க்குப் போடுற வாய்க்கட்டு. வெர்லின் சிரிக்கிறாரு. 'எனக்கு நெஞ்சு வலிச்சா இதுல எதாச்சும் இருக்கா ஆர்டிஸ்?'ங்கிறாரு. வாய்க்கட்டு இருக்கு, வேணுமான்னேன்.

பை இருந்தா ஆச்சா? பழக்கணும்ல. திடீர்னு வாயக் கட்டுனா மிரளாதா? அதனால ஞாயித்துக்கிழம சர்ச்சுலருந்து வந்ததும் ஒத்திகை. 'ஐயோ!'னு கத்துவேன். பையத் தொறப்பேன். அவன் கால நீட்டணும். கட்டுப் போட்டு, வாய்க்கட்ட மாட்டிக் கழட்டுனா, காஞ்ச ஈரல் ஒரு துண்டு. என்ன பதவிசா உக்காருவான் தெரியுமா! அப்புறம் வரவர நடு வாரத்துலயே நொண்ட ஆரம்பிச்சான். அத்தனையும் பாவ்லா! இன்னிக்கு வலது காலு, நாளைக்கு எடது காலு. எதுன்னு அவனுக்கே மறந்துரும்.

என்னது? ஈரலயா? ...பையிலதான் வச்சேன். அவசரத்துல சமையக்கட்டுக்கு ஓடவா முடியும்? ...காஸ் துணிக்குள்ளதான் சுருட்டி வச்சேன், நசுங்காம இருக்கட்டும்னு. ...ஆமா, வாசன ஏறும்தான்.

காலைல உருளைக்கெழங்கும் கறியும் போட்டுச் சுடுற ஹாட்டிஷ் தட்ட அடுப்புலருந்து எடுக்கறப்ப கை சுட்டுருச்சு. 'ஐயோ!'ன்னு கத்திட்டேன். நான் கைய தண்ணில நனைக்கிறேன், அவன் நேரா பை இருக்கற அலமாரிக்கு ஓடிட்டான். நான் சொல்லிக் குடுத்ததத்தான செஞ்சான், பாவி... கதவு, இந்த வெர்லின்..." அவள் குரல் இறங்கியது. "இல்ல தம்பி. நேத்து பைய உள்ள வச்சது... நாந்தான்."

அத்தோடு பேச்சு நின்றது. பையன்தான் பதறிப்போய் அவளைப் பார்த்தான். அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே உள்கதவைப் பார்த்திருந்தாள்.

கதவு திறந்தது. நர்ஸ் பெண் சிரித்தாள்.

"வந்துருச்சும்மா! துணி முழுசா வந்துருச்சு. அறுக்க வேணாம். ஆனா ஒரு விசயம்... எங்க முதலுதவிப் பெட்டி செவப்புக் கலரு. அதுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு நகர மாட்டேங்கிறான். எச்சியா வடியுது. கால வேற தூக்கித் தூக்கிக் காட்டுறான். கால்லயும் அடியா?"

ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எந்தக் காலு?"

"மொதல்ல வலது. இப்ப எடது."