பதினேழாம் தாள்

டீயில் நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. அவருக்காகத்தான் அலுவலகத்தில் ஒரு பொட்டலம் வாங்கி வைத்தேன்.

பழைய நில அளவைப் படங்கள் இருக்கும் அறையில் பத்தொன்பது வருடமாக நான் ஒருவன்தான். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டிலும் அப்படியே. யாராவது வந்து படம் கேட்டால்தான் என் குரல் எனக்கே கேட்கும். ஆகவே அந்தப் பொறியாளர் வந்தபோது மனம் நிறைந்துபோனதை மறைக்க மாட்டேன்.

அவர் கேட்டது ஆற்றுக் கழிமுகத்தின் நூறு வருடப் பழைய படம்.

"தூர்ந்துபோன கிளையாறு எந்தப் பக்கமா ஓடுச்சுன்னு தெரியணும், ஐயா. தொழிலாளர் குடியிருப்பை அது மேலயே கட்டிட்டாங்களோன்னு சந்தேகம். மழைக்கு முன்னாடி தெரிஞ்சா அந்த வரிசையை மட்டும் காலி பண்ணிடலாம்."

மொத்தம் இருபத்து நான்கு தாள்கள். பதினாறாம் தாளை விரித்தேன். அதன் ஓரத்தோடு கிளையாற்றின் நீலக்கோடு நின்றுவிட்டது.

"அடுத்த தாள்?" என்றார்.

"இடம் மாறியிருக்கு, தம்பி. புதன்கிழமை வாங்க, தேடி வைக்கிறேன்."

தாள் அலமாரியில்தான் இருந்தது. கொடுத்திருந்தால் நகல் எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போயிருப்பார்.

புதன்கிழமை வந்தார். அதற்கடுத்த புதனும் வந்தார். சுற்றியுள்ள தாள்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னார். யாரிடமும் சொல்லாததை நானும் சொன்னேன். ஒருநாள் வந்த வேலையை மறந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"மேலதிகாரிங்க ஆதாரம் கேக்கறாங்க, ஐயா. அந்த ஒரு தாள் போதும்," என்று ஆறாம் வாரம் கெஞ்சினார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்பதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் முதல் நாள் போனதுமே பதினேழாம் தாளை அலமாரியிலிருந்து எடுத்து என் மேசை விரிப்புக்கு அடியில் வைத்துவிட்டேன். நாங்கள் டீ குடித்தது அதன் மேல்தான். வைக்கும் முன் பிரித்தும் பார்த்தேன். படத்தில் உள்ள ரயில் பாலத்தை வைத்துக் கணக்கிட்டால், கிளையாறு குடியிருப்பின் மூன்றாம் வரிசை வழியாகப் போகிறது. எட்டாம் வாரம் வெள்ளம் பட்டப்பகலில் அதே வழியாக வந்தது. முப்பத்தொரு பேர்.

நான் யாரையும் தண்ணீரில் தள்ளவில்லை. ஒரு தாளைக் கொஞ்ச நாள் தாமதப்படுத்தினேன், அவ்வளவுதான். வெள்ளம் வடிந்த மறுநாளே தூசி தட்டி, நகலும் எடுத்து வைத்தேன். தாள் கிடைத்துவிட்டது, வாருங்கள் என்று இரண்டு கடிதம் போட்டேன்.

அவர்தான் வரவில்லை.